ஐந்து கட்டில் போட்ட அறை

ஜெசி,

உன் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு ஒரிஜினல் மதிப்பெண் பட்டியல்கள் தொலையவில்லை. திருவொற்றியூரில் நீ படித்த நர்சிங் பள்ளியின் அலுவலக அறையில், ஜன்னலுக்குப் பக்கத்தில் இருக்கும் பச்சை இரும்பு பீரோவில், உன் பெயர் எழுதிய பழுப்பு உறைக்குள் இருக்கின்றன. இன்று காலை பதினொன்றே காலுக்குப் பள்ளியின் தலைமை எழுத்தர் அவற்றை வெளியே எடுத்து மேசை மேல் விரித்துக் காட்டினார். பெயரையும் பதிவெண்ணையும் நானே சரிபார்த்தேன். ஓரங்களில் கடற்காற்றின் மஞ்சள் ஏறியிருக்கிறது. எழுத்து எதுவும் அழியவில்லை. கேட்டவர்களிடம் எல்லாம் ஆறு வருடமாக "தொலஞ்சி போச்சு" என்றுதான் நீ சொல்லிவந்தாய். ஜெராக்ஸ் நகலை வைத்தே எண்ணூர் கன்டெய்னர் கிடங்கில் பில் போடும் வேலைக்கும் சேர்ந்தாய். படிப்பைப் பாதியில் விட்டால் பெற்றவர் யாராவது நேரில் போய்க் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். நீ என்னைக் கூப்பிடவில்லை. நானும் போகவில்லை. எடுக்கப் போகாமல் விட்டதைத்தான் நாம் இரண்டு பேரும் தொலைந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

நின்றுபோன மாணவிகளைப் புது முதல்வர் இரண்டாம் வருடத்தில் திரும்பச் சேர்த்துக்கொள்கிறார் என்று கேள்விப்பட்டு, நீயே பதினைந்து நாளைக்கு முன்னால் மனு கொடுத்திருக்கிறாய். இதை உன் அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். மனுவில் ஒரே ஒரு காகிதம் குறைகிறது. விலகியதற்கு என்ன காரணம் என்று பெற்றவர் தன் கையால் எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். "சொந்தக் காரணம்னு மட்டும் எழுதாதீங்க சார், நர்சிங் கவுன்சில்ல திருப்பி அனுப்பிடறாங்க. விவரமா வேணும்" என்றார் தலைமை எழுத்தர். அந்த விவரத்தை எழுத உட்கார்ந்தேன். நான்கு வரி எழுதியதும், இதை முதலில் படிக்க வேண்டியவள் நீ என்று தோன்றியது. நேரில் சொல்லலாம்தான். ஆனால் நான் பேச ஆரம்பித்தால் நாலாவது வாக்கியத்தில் கேள்வி கேட்க ஆரம்பித்துவிடுவேன் என்று நீயே பலமுறை சொல்லியிருக்கிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நீ முதல் வருடம் முடித்து இரண்டாம் வருடத்தில் காலெடுத்து வைத்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தொடங்குகிறேன். பூசை முடிந்து வந்து, ராயபுரம் வீட்டில் மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். காசிமேட்டில் காலையிலேயே நான் வாங்கிவந்த சங்கரா மீன். மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும்தான் உன்னை ஹாஸ்டலிலிருந்து வெளியே விடுவார்கள். அதனால் நடு மீன் துண்டு உனக்கு. நீ முள்ளை ஒதுக்கிக்கொண்டே சொன்னாய்: "நைனா, எங்க ரூம்ல அஞ்சு கட்டில் கீது. இப்ப மூணு காலி. நானும் கஸ்தூரியும் தொவச்ச துணிய அது மேல காய வெச்சிக்கினு கீறோம்."

"மாடில வெயில்ல போட வேண்டியதுதானே?" என்றாள் உன் அம்மா.

"மாடிக்குப் போவக் கூடாதாம். எதிர்த்தாப்ல பசங்க மேன்ஷன் கீதாம். எங்க துணியப் பாத்து அவனுங்க கெட்டுப் பூடுவானுங்களாம்."

அம்மா சிரித்ததில் புரையேறிவிட்டது. நான் சிரிக்கவில்லை. "மூணு பேரும் ஏன் போனாங்க?" என்று கேட்டேன். சாதாரணமாகக் கேட்ட அப்பாவாகத்தான் அப்போது உனக்குத் தெரிந்திருப்பேன். உண்மையில் "மூணு காலி" என்று உன் வாயிலிருந்து வந்ததுமே, ஒரு செய்தியின் முதல் வரி எனக்குள் எழுதப்பட்டுவிட்டது.

நீ சொன்னாய். வள்ளூர்ப் பக்கத்திலிருந்து வந்த பெண், தமிழ் மீடியத்தில் படித்து ஊர்ப் பள்ளியில் முதலாவதாக வந்தவள். உடற்கூறு புத்தகத்தில் ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கு மேலும் பென்சிலால் தமிழ் அர்த்தம் எழுதி எழுதி, கடைசியில் அச்செழுத்தே தெரியாமல் போய்விட்டது. ஒருநாள் வகுப்பில் கேள்விக்குப் பதிலைச் சரியாகத்தான் சொன்னாள். ஆனால் "நுரையீரல் ரெண்டு கீது மேடம்" என்று சொன்னாள். டியூட்டர் அந்த "கீது"வைத் திரும்பச் சொல்லச் சொல்லி வகுப்பையே சிரிக்க வைத்தார். அதற்குப் பிறகு அவள் எந்தக் கேள்விக்கும் வாய் திறக்கவில்லை. போகும்போது பதிவேட்டில் எழுதிய காரணம் "உடல்நிலை". இரண்டாவது பெண்ணை, பயிற்சிக்கு வந்த மூன்றாம் வாரத்திலேயே தீக்காய வார்டில் போட்டார்கள். அவள் அழவில்லை, மயங்கி விழவும் இல்லை. முதலில் கறி சாப்பிடுவதை நிறுத்தினாள். பிறகு சோற்றை நிறுத்தினாள். யாரும் கேட்கவில்லை. அவளுக்கு எழுதியது "குடும்பச் சூழ்நிலை". மூன்றாவது பெண்ணுக்குக் கல்யாணம், அதனால் நின்றுவிட்டாள் என்றார்கள். நீ அதைத் திருத்தினாய்: "இல்ல நைனா. அவ மொதல்ல நின்னா. நின்னதுக்கப்பறந்தான் வூட்ல மாப்ள பாத்தாங்க. எல்லாரும் மாத்திச் சொல்லிக்கினு கீறாங்க."

எது முதலில் நடந்தது, எது பிறகு நடந்தது என்று பிரித்துப் பார்ப்பது என் தொழிலில் புதிதாக வருகிறவர்களுக்குப் பல வருடம் பிடிக்கிற பாடம். உனக்கு அப்போது பத்தொன்பது வயது. நான் பெருமைப்பட்டேன். உன் தட்டில் இன்னொரு துண்டு மீன் வைத்தேன். எழுதப்போகிறேன் என்று மட்டும் சொல்லவில்லை.

நான் வேலை பார்க்கும் பத்திரிகையில் செய்தி வந்தது. யார் பெயரும் போடவில்லை. பள்ளியின் பெயர் இல்லை, தெருவின் பெயர்கூட இல்லை. முறைப்படி முதல்வருக்குப் போன் போட்டு விளக்கம் கேட்டேன். உன்னை அங்கே சேர்த்தது அம்மா. விண்ணப்பத்தில் தகப்பனார் வேலை என்ற இடத்தில் "தனியார் கம்பெனி" என்றுதான் எழுதியிருந்தோம். எந்த அலுவலகத்திலும் என் தொழிலைச் சொல்லிச் சலுகை கேட்டதாக ஆகக்கூடாது என்பது நான் வைத்திருந்த வழக்கம். ஆகவே நான் யாரென்று முதல்வருக்குத் தெரியாது. "எல்லாம் அவங்கவங்க சொந்தக் காரணம் சார்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். அதையும் செய்தியில் போட்டு, சொந்தக் காரணம் என்பது மற்றக் காரணங்களை மூடி வைக்கும் மூடி என்று கேலியாக ஒரு வரி சேர்த்தேன். எல்லாவற்றிலும் கவனமாக இருந்தேன் என்றுதான் நினைத்தேன். முதல் வரி இப்படி இருந்தது: "அந்த அறையில் ஐந்து கட்டில்கள். மூன்று காலி."

செய்தி ஆசிரியருக்கு அந்த வரி ரொம்பப் பிடித்துவிட்டது. "கட்டில் எண்ணிக்கை வரைக்கும் எடுத்துக்கினு வந்துட்டாம்பா" என்று மற்றவர்களிடம் காட்டினார். உங்கள் ஹாஸ்டலில் மற்ற அறைகளில் எல்லாம் நான்கு நான்கு கட்டில்தான், மூலையில் இருந்த உங்கள் ஒரே அறையில்தான் ஐந்து என்பது எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. "ஓர் அறையில்" என்று எழுதியிருந்தால் செய்தி ஒன்றும் குறைந்திருக்காது. சரியான எண்ணைப் போட வேண்டும் என்று இத்தனை வருடம் இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அந்தச் சரியான எண்தான் உன்னைக் காட்டிக்கொடுத்தது.

அந்தச் செய்தியில் இன்னொரு தவறும் இருந்தது. அது நம் வீட்டுக்குள்ளேயே வெடித்தது. வார்டில் ஆயாக்கள் பற்றாக்குறை. அதனால் மாணவிகள் வகுப்பை விட்டுவிட்டு பெட்பேன் கழுவவும் அழுக்குத் துணி சுமக்கவும் போகிறார்கள் என்று நீ சொல்லியிருந்தாய். வகுப்பு போகிறது என்பதுதான் உன் குறை. நான் எழுதும்போது "ஆயாக்கள் செய்யும் கீழான வேலைகள்" என்று எழுதிவிட்டேன். உன் அம்மா அப்போது அரசு மருத்துவமனையில் பிரசவ வார்டில் ஆயா. இருபது வருடம் முடிந்திருந்தது. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலை, வேலைக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள்.

"கீழான வேலன்னா இன்னாயா?"

"நான் அந்த அர்த்தத்துல எழுதல."

"சிஸ்டரு ஒன் பேப்பர வார்டுல நின்னு சத்தமா படிக்குது. நா பக்கத்துல பெட்பேன் கழுவிக்கினு நிக்கிறேன். 'உங்க வூட்டுக்காரரு எழுதிக்கீறாரும்மா, சூப்பரா கீது'ன்னு என்னாண்டயே சொல்லுது. நா மூஞ்ச எங்க கொண்டு போயி வெச்சிக்கிறது?"

தலைப்பை நான் போடவில்லை, அலுவலகத்தில் போட்டார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். "தலப்ப யாரு கேட்டா? மூணாவது பத்தி. அது நீ எழுதுனதுதானே?" என்றாள். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள், மூன்றாவது பத்தி வரை படித்திருக்கிறாள். "எம் பொண்ணு பெட்பேன் தூக்குனா தூக்கட்டும். நானுந்தான் தூக்குறேன். கிளாசுக்கு வுடலன்னு எழுது, அது நாயம். கீழ மேலன்னு நீ எதுக்கு அளக்குற?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவள் சொன்னது சரி. பேப்பரில் திருத்தம் எதுவும் போடவில்லை. போடச் சொல்லி அவளும் கேட்கவில்லை. இப்போது எழுதுகிறேன்: அந்தச் சொல் தவறு.

நான்கு மாதம் கழித்து ஒரு மத்தியானம் நீ ஆட்டோவில் டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினாய். "புடிக்கல நைனா" என்றாய். நான் இரண்டு கேள்வி கேட்டேன். யாராவது ஏதாவது சொன்னார்களா என்று கேட்டேன், இல்லை என்றாய். திரும்பப் போகிற எண்ணம் உண்டா என்று கேட்டேன், இல்லை என்றாய். அத்தோடு விட்டேன். துறைமுகத்தில் ஒரு கூலித் தொழிலாளி கிரேன் அடியில் சிக்கினால், வாசல் காவலரிலிருந்து டீக்கடைக்காரர் வரை ஏழெட்டுப் பேரிடம் விசாரிக்காமல் ஒரு வரி எழுதமாட்டேன். உன்னிடம் இரண்டு கேள்வி. இரண்டு பதிலும் எனக்கு வசதியாக இருந்ததால் மூன்றாவதைக் கேட்கவில்லை. மறுநாள் நீ விலகல் படிவத்தைக் கொண்டுவந்தாய். "காரணம்னு ஒரு கட்டம் கீது நைனா, இன்னா எழுதறது?" என்றாய். நான் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, நானே எழுதினேன்: "சொந்தக் காரணம்". நீ அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வைக்கு அப்போது எனக்கு அர்த்தம் தெரியவில்லை. இப்போது தெரிகிறது. நான் பேப்பரில் கேலி செய்த அதே இரண்டு சொற்களை உனக்கு நான் எழுதிக் கொடுத்திருந்தேன்.

போன மாதம் அம்மாவுக்குப் பித்தப்பைக் கல் எடுத்தபோது நீ வேலை முடிந்து மாலையில்தான் வருவாய். பகலில் நான் இருந்தேன். அறுவைக்கு மறுநாள் காலை ஒரு ஸ்டாஃப் நர்ஸ் வந்து அம்மாவுக்கு டெம்பரேச்சர் பார்த்தாள். அம்மா முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றவள், வெளியே வந்து என்னைக் கேட்டாள்.

"சார், நீங்க ஜெசிந்தா அப்பாவா?"

"ஆமாம்மா. எப்படித் தெரியும்?"

"அம்மா மூக்கு அப்டியே அவ மூக்கு. நான் கஸ்தூரி அங்கிள். அஞ்சு கட்டில் ரூம்."

தாழ்வாரத்து பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கண் வார்டு மேலேயே வைத்துக்கொண்டு, மீதியைச் சொன்னாள். நீ சொல்லாததை எல்லாம். "பேப்பர் வந்த அன்னிக்கே தெரிஞ்சிடுச்சு அங்கிள். அஞ்சு கட்டில் ரூம் ஒண்ணுதான். மிச்சம் இருந்தது நாங்க ரெண்டு பேர். நான்தான் வாயாடி, எப்பப் பாத்தாலும் சாப்பாடு சரியில்ல, கிளாஸ் இல்லன்னு கத்திக்கினு இருப்பேன். அதனால என்னத்தான்னு முடிவு பண்ணிட்டாங்க. பொட்டி கட்டச் சொல்லிட்டாங்க. எங்கப்பா மீஞ்சூர்ல இருந்து என்னை அழைச்சிக்கினு போக வந்து கேட்டாண்ட நிக்கிறாரு. ஜெசி நேரா ஆபீஸ் ரூமுக்குப் போயி, 'நான்தான் சொன்னேன், எங்க நைனா பேப்பர்காரரு'ன்னு சொல்லிட்டா. உங்ககிட்ட சொல்லலையா அங்கிள்?"

சொல்லவில்லை என்றேன்.

"அவள வெளிய போகச் சொல்லல. அதான் கொடுமை. ரெக்கார்டுல கையெழுத்துப் போடறத நிறுத்திட்டாங்க."

ரெக்கார்டு என்றால் என்ன என்று எனக்கு அவள்தான் விளக்கினாள். பயிற்சியின் உயிரே அந்த நோட்டில்தான் இருக்கிறதாம். ஊசி போடுவது, கட்டு மாற்றுவது, படுக்கை விரிப்பது வரை ஒவ்வொன்றையும் வார்டு சிஸ்டர் முன்னால் செய்து காட்டி, அந்த நோட்டில் அன்றே கையெழுத்து வாங்க வேண்டும். அது நிறையாவிட்டால் பரீட்சைக்கு உட்கார முடியாது. உன்னை யாரும் திட்டவில்லை. எந்த விதியும் மீறப்படவில்லை. நீ கட்டு மாற்றிவிட்டு நோட்டை நீட்டும்போது "அப்புறம் வா" என்றார்கள். அப்புறம் போனால் டூட்டி மாறியிருக்கும். நான்கு மாதம் நீ வேலையெல்லாம் செய்தாய். நோட்டு வெள்ளையாக இருந்தது. "அவ கட்டு கட்டுனா பேஷன்ட் வேற யாரையும் தொட வுட மாட்டாங்க அங்கிள். எனக்கு இப்பவும் அவ மாதிரி வராது" என்றாள் கஸ்தூரி. பள்ளியில் முதல்வர் மாறியதையும், நின்றவர்களைத் திரும்ப எடுப்பதையும் அன்று மாலை உன்னிடம் சொன்னதும் அவள்தான் என்பது எனக்குத் தெரியும்.

ஒரே சாட்சியை நம்பி நான் எழுதுவதில்லை. இன்று காலை இரண்டாவது கிடைத்தது. உன் உறையை எடுத்தபோது, அதோடு உன் கோப்பும் வந்தது. மேலே விலகல் படிவம், என் கையெழுத்தில் "சொந்தக் காரணம்". தலைமை எழுத்தர் அடுத்த தாளைப் புரட்டினார். பின்னால் குண்டூசி குத்தி வைத்திருந்தது என் செய்தியின் கத்தரித்த துண்டு. குண்டூசி துருப்பிடித்துக் காகிதத்தில் ஒட்டியிருந்தது. "ஐந்து கட்டில்கள்" என்ற சொற்களுக்கு அடியில் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டிருந்தார்கள். வேறு எந்த வரிக்கும் கோடு இல்லை. எழுத்தர் அந்தப் பள்ளிக்குப் புதியவர். அது என்ன என்று அவருக்குத் தெரியவில்லை. "இது எதுக்கு சார் இதுல கீது?" என்று என்னையே கேட்டார். "நான் எழுதினது" என்றேன். அவர் என்னையும் துண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

திரும்பி வந்ததும் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்குப் பாதி முன்பே தெரியும்; நீ அவளிடம் அழுதிருக்கிறாய். என்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறாய். "நீ எழுதறத வுட்டுடுவியோன்னு பயந்துச்சுயா அந்தப் பொண்ணு" என்றாள். பிறகு, பெண்கள் ஏன் பாதியில் போகிறார்கள் என்று அவளிடம் கேட்டேன். அவள் வார்டில் எத்தனையோ மாணவிகள் வந்து போயிருக்கிறார்கள். கேட்டதும் யோசிக்காமல் சொன்னாள்:

"மொத சாவப் பாத்த அன்னிக்கு அந்தப் பொண்ண தனியா வுடக் கூடாது. கைய கழுவிக்கினே நிக்கும் பாரு, கொழாய மூடாது. நா போயி கொழாய மூடிட்டு, கேட்டாண்ட டீக்கடைக்கு இட்டுக்கினு போவேன். எதுவும் பேச மாட்டேன். டீ குடிச்சா நிக்கும். டீ வாணாம்னு சொல்லிச்சுன்னா அது போயிடும்."

"இத ஏன் அப்போ நீ சொல்லல?"

"நீ கேட்டியா?"

ஒரே வீட்டில், தினமும் எனக்குச் சோறு போட்டவளிடம் கேட்காமல், பெரிய டாக்டர்களிடம் போன் போட்டுக் கருத்துக் கேட்டு எழுதினேன். அந்தச் செய்தியில் இருந்த மூன்று பெண்களும் உண்மை. ஆனால் காரணம் பாதிதான் இருந்தது. புத்தகமும் தீக்காய வார்டும் கல்யாணமும் ஒரு பெண்ணை அசைக்கலாம். அந்த நாளில் பக்கத்தில் ஆள் இல்லாததுதான் அவளை வெளியே அனுப்புகிறது. உன் விஷயத்தில் பக்கத்தில் இருக்க வேண்டிய ஆள் நான். நான்தான் உனக்குத் தொல்லையாகவும் வந்தேன்.

நீ திரும்பப் போவதாக இருந்தால் இரண்டொரு விஷயம் சொல்ல ஆசை. புத்திமதி என்று எடுத்துக்கொள்ளாதே, விசாரித்ததில் தெரிந்தது என்று எடுத்துக்கொள். போன வாரம் போனில் "இருவத்தஞ்சு வயசுல பதினெட்டு வயசுப் பசங்களோட உக்காரணுமே நைனா, அதுங்க என்ன ஆன்ட்டின்னு கூப்புடும்" என்று சிரித்தாய். கூப்பிடட்டும். அறையில் ஒரு ஆன்ட்டி இருப்பது அந்தப் பிள்ளைகளுக்கு நல்லது. யாராவது சோற்றைத் தள்ளிவைத்தால், யாராவது பென்சிலால் அச்செழுத்தை மூடிக்கொண்டிருந்தால், அடுத்த ஞாயிறு வரை காத்திருக்காமல் அன்றே கேள். "கீது" என்று சொன்னதற்கு யாரையாவது பார்த்துச் சிரித்தால், நீயும் உடனே ஒரு "கீது" போட்டுப் பேசு. வார்டு ஆயாவை ஆயா என்று கூப்பிடாதே, பெயர் சொல்லி அக்கா என்று கூப்பிடு; இதை உனக்கு நான் சொல்லத் தேவையில்லை, எனக்கே சொல்லிக்கொள்கிறேன். ரெக்கார்டில் கையெழுத்து வாங்காமல் வார்டை விட்டு வராதே. "அப்புறம் வா" என்று இரண்டாவது முறை சொன்னால், அன்றே எனக்குப் போன் பண்ணு. நான் எழுதமாட்டேன், பஸ் பிடித்து வந்து கேட்டில் நிற்பேன். கஸ்தூரியின் அப்பா வந்து நின்றது போல.

மனுவோடு தர வேண்டிய காகிதத்தில் இதைத்தான் எழுதியிருக்கிறேன்: "என் மகள் பயிற்சியில் குறைவான மாணவி அல்ல. அவள் வீட்டில் சொன்னதை அவளிடம் கேட்காமல் நான் பத்திரிகையில் எழுதினேன். அதில் நான் கொடுத்த ஒரு விவரத்தால் அவள் அடையாளம் தெரிந்தது. தோழி மேல் பழி விழாமல் இருக்க அவள் தானே முன்வந்து ஒப்புக்கொண்டாள். அதன் பிறகு அவளுடைய பதிவு நோட்டில் கையெழுத்து கிடைக்கவில்லை. விலகல் படிவத்தில் சொந்தக் காரணம் என்று எழுதியது நான். அது சரியான காரணம் அல்ல." கையெழுத்து கிடைக்கவில்லை என்று எழுதினால் பழைய சிஸ்டர்களுக்குச் சங்கடம் வரலாம், அது மறுபடியும் உன் தலையில் விடியலாம். அந்த ஒரு வாக்கியம் இருப்பதா போவதா என்று எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரியும். அதனால் காகிதத்தைப் பென்சிலால் எழுதியிருக்கிறேன். கையெழுத்துப் போடவில்லை.

இதுவரை உறுதியானது இவ்வளவுதான். முதல் வருடத் தேர்ச்சி செல்லுமா, இல்லை மறுபடி முதலிலிருந்தா என்பதைக் கவுன்சில்தான் சொல்ல வேண்டும்; பதில் இந்த மாதக் கடைசிக்குள் பதிவுத் தபாலில் வரும் என்று தலைமை எழுத்தர் சொன்னார். அந்தத் தேதியை நான் வேறு யாரிடமும் சரிபார்க்கவில்லை. ஒரிஜினல்களை இன்றே தருவதாகத்தான் சொன்னார். நான் வாங்கவில்லை, நீ திரும்பச் சேர்ந்தால் அவை இருக்க வேண்டிய இடம் அந்த பீரோதான், சேரவில்லை என்றால் நாம் இரண்டு பேரும் சேர்ந்து போய் வாங்குவோம். என் காகிதம் திங்கட்கிழமை மூன்று மணிக்குள் அங்கே சேர வேண்டும்.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. மாலையில் அலுவலகத்தில் உட்கார்ந்து இதை நான் எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, ஞாயிறு மலருக்குத் தரலாமே, பிள்ளையை நர்சிங்கில் சேர்க்கிற பெற்றவர்கள் படிக்க வேண்டியது என்றார் ஆசிரியர். பெயர்களை மாற்றிவிடலாம் என்றார். பெயரை மாற்றினால் போதாது என்று இப்போது எனக்குத் தெரியும். "என் பொண்ணக் கேட்டுட்டுச் சொல்றேன்" என்றேன். இத்தனை வருட வேலையில் இந்தப் பதிலை நான் சொன்னது இதுதான் முதல் முறை. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நீ வேண்டாம் என்றால் இது உன் கையிலேயே நின்றுவிடும், வேறு யாரும் படிக்கப்போவதில்லை. கட்டில் எண்ணிக்கையை எடுத்துவிடு என்றால் எடுத்துவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வருவாய் அல்லவா? சங்கரா வாங்கி வைக்கிறேன். காகிதமும் பென்சிலும் ரப்பரும் மேசை மேல் இருக்கும். நான் கையெழுத்துப் போட வேண்டிய பேனா, நீ சரி என்று சொல்லும் வரை உன்னிடம் இருக்கட்டும்.

நைனா